தங்கம் இருந்தது, காதலும் இருந்தது, போதை எப்படி வந்தது? மேத்யூ மிட்சம்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு விளையாட்டு வீரன், அவனுக்கு ஓர் ஆண் காதலன், நடுவில் போதைப் பழக்கம், கடைசியில் காதல் வந்து கைதூக்கி விடுகிறது. இந்த மாதிரிக் கதைகள் இப்போது நிறைய வருகின்றன, எனக்கும் படிக்கப் பிடிக்கும். ஆனால் நிஜமாகவே இப்படி வாழ்ந்த ஒருவரை எடுத்து, எந்த வருடம் என்ன நடந்தது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் கதைகளில் வரும் வரிசை அதில் இல்லை. ஆஸ்திரேலிய டைவிங் வீரர் மேத்யூ மிட்சமின் வாழ்க்கையில் காதல் முதலில் வந்தது. தன்பாலீர்ப்பாளர் என்று உலகத்துக்குச் சொன்னது அடுத்து, ஒலிம்பிக் தங்கம் அதற்கும் அடுத்து. கிரிஸ்டல் மெத் என்ற போதைப் பொருளுக்கு அடிமையானது இது எல்லாவற்றுக்கும் பிறகுதான், மறைக்க ஒன்றும் இல்லாத, ஜெயிக்க ஒன்றும் மிச்சமில்லாத காலத்தில்.

அதனால்தான் இந்த ஒரு நிகழ்வை விரிவாகப் பார்க்கலாம் என்று தோன்றியது. மிட்சம் 2012-ல் தன் சுயசரிதையில் எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டார், அதனால் அடுத்தவர் அந்தரங்கத்தைக் கிளறுகிற வேலை இதில் இல்லை. அவருடைய துணைவர்களின் பெயர்களை மட்டும் நான் எழுதப்போவதில்லை. அவர்கள் மேடையேறிப் போட்டியிட்டவர்கள் அல்ல.

பிரிஸ்பேனில் இருந்து

1988 மார்ச்சில் பிரிஸ்பேனில் பிறந்தவர். அம்மா தனியாக வளர்த்தார், பாட்டியும் இருந்தார். முதலில் அவர் டைவிங் வீரரே இல்லை, டிராம்போலின் வீரர், அதில் ஆஸ்திரேலிய ஜூனியர் அணி வரை போனவர். காற்றில் சுழலவும் முறுக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டார். பிறகு பெய்ஜிங்கில் உலகம் வாய் பிளந்து பார்த்த அந்தக் குதிப்புக்கு வேர் தண்ணீரில் இல்லை, அந்த டிராம்போலினில் இருக்கிறது.

வெளியே இப்படி என்றால் உள்ளே வேறு. ஆண்கள் மீதுதான் தனக்கு ஈர்ப்பு என்பது சிறு வயதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அதை மாற்றிக்கொள்ள முடியும் என்று நம்பி, மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிக்கொண்டு, அந்த எண்ணம் வரும்போதெல்லாம் இழுத்துச் சுண்டிக்கொள்வாராம். யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே ஒரு பையன் தன்னைத் தானே தண்டிக்கும் முறையைக் கண்டுபிடிக்கிறான் என்பது எனக்கு இந்த வாழ்க்கையிலேயே மிகக் கனமான தகவலாகப் படுகிறது, ஒலிம்பிக்கை விடவும். பதின்வயதில் மனச்சோர்வு, பதற்றம், தன்னையே காயப்படுத்திக்கொள்வது, குடி, அப்புறம் சில போதைப் பொருட்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் 2011-ல் நடந்தது வானத்திலிருந்து விழுந்தது அல்ல.

2006-ல், 18 வயதில், போதும் என்று டைவிங்கையே விட்டார். உடம்பும் மனசும் தேய்ந்துபோயிருந்தன. சிட்னியில் ஈஸ்டர் கண்காட்சியில், கூட்டத்துக்கு முன்னால் உயரத்திலிருந்து குதித்துக் காட்டும் வேடிக்கைக் காட்சியில் வேலை பார்த்தார். ஒலிம்பிக் கனவு கண்ட ஒருவர் பஞ்சுமிட்டாய் தின்கிற கூட்டத்துக்காகக் குதிக்கிறார் என்று சிலர் இதைச் சோகமாக எழுதுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மதிப்பெண் போட யாருமில்லாமல் அவர் குதித்த காலம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

2007-ல் திரும்பினார். சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் விளையாட்டு நிறுவனத்தில், மெக்சிகோவிலிருந்து வந்த பயிற்சியாளர் சாவா சொப்ரினோவிடம் சேர்ந்தார். அதற்குள் காதலரும் வாழ்க்கைக்குள் வந்துவிட்டார், இருவரும் சேர்ந்து வாழத் தொடங்கியிருந்தார்கள். திரும்பி வந்து ஏறக்குறைய ஒரே வருடத்தில் ஒலிம்பிக் அணியில் இடம்.

ஒரு சாதாரணக் கேள்வி

2008 மே மாதம், சிட்னி மார்னிங் ஹெரால்டு நாளிதழ் ஒலிம்பிக்குக்குப் போகும் வீரர்களைப் பேட்டி எடுக்கும் வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருந்தது. யாரோடு குடியிருக்கிறீர்கள் என்கிற மாதிரிக் கேள்வி. என் காதலரோடு, ஓர் ஆணோடு, என்று பதில் சொல்லிவிட்டார். கண்ணீர் மல்கத் தொலைக்காட்சியில் அறிவிப்பெல்லாம் இல்லை.

இது எவ்வளவு அபூர்வம் என்பதற்கு ஒரு கணக்கு. பெய்ஜிங்குக்குப் போன வீரர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னவர்களை அப்போது எண்ணியவர்களுக்குக் கிடைத்த பெயர்கள் பத்துச் சொச்சம், அதில் ஆண் மிட்சம் ஒருவர்தான். அவருக்கு முன்னால் டைவிங்கின் மாமன்னனாக இருந்த அமெரிக்காவின் கிரெக் லூகானிஸ் 1984-லும் 1988-லும் தலா இரண்டு தங்கம் வாங்கியவர், ஆனால் தன்னைப் பற்றிப் பொதுவெளியில் சொன்னது போட்டியெல்லாம் முடிந்து 1994-ல்.

காதலரைப் பெய்ஜிங்குக்கு அழைத்துப்போகப் பணமில்லை. வீரர்களின் குடும்பத்தாருக்குப் பயண உதவி செய்யும் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் திட்டம் ஒன்று கைகொடுத்தது. அன்று ஆஸ்திரேலியச் சட்டப்படி இருவரும் திருமணம் செய்துகொள்ள முடியாது, அதற்கு 2017 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒரு கம்பெனியின் படிவத்தில் குடும்பம் என்ற இடத்தில் காதலர் பெயர் ஏறிவிட்டது.

2008 ஆகஸ்ட் 23

10 மீட்டர் மேடை டைவிங். மேலேயிருந்து குதித்தால் தண்ணீரைத் தொட இரண்டு விநாடிகூட ஆகாது, தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் இருக்கும். இறுதிச்சுற்றில் ஆறு குதிப்புகள். அந்த ஒலிம்பிக்கில் டைவிங்குக்கு மொத்தம் எட்டுத் தங்கம், அதில் ஏழு தங்கத்தைச் சீனா அள்ளிவிட்டது, எட்டாவதும் அவர்களுக்கே என்று எல்லோரும் எழுதி வைத்திருந்தார்கள். மிட்சமோ சில நாள் முன்னால் 3 மீட்டர் போட்டியில் 16-வதாக வந்தவர்.

ஐந்து குதிப்பு முடிந்தபோது சீனாவின் சோ லூஷின் 30 புள்ளிகளுக்கு மேல் முன்னால் இருந்தார். சோவின் கடைசிக் குதிப்பு சரியாக அமையவில்லை, மொத்தம் 533.15-ல் நின்றார். மிட்சமின் ஐந்து குதிப்புக் கணக்கு 425.85. அதாவது தங்கம் வேண்டுமென்றால் ஒரே குதிப்பில் 107.30-க்கு மேல் எடுக்க வேண்டும். இதெல்லாம் நடக்கிற எண்ணே இல்லை, 100 தாண்டினாலே பெரிய விஷயம்.

அவர் வைத்திருந்த கடைசிக் குதிப்பு: தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று, பின்பக்கமாக இரண்டரைக் குட்டிக்கரணம், கூடவே இரண்டரை முறுக்கு, கால் மடங்காமல். கடின அளவு 3.8. ஏழு நடுவர்களில் நால்வர் முழுப் பத்து கொடுத்தார்கள். மேலே இரண்டையும் கீழே இரண்டையும் தள்ளிவிட்டு நடு மூன்றைக் கூட்டினால் 29.5, அதை 3.8-ஆல் பெருக்கினால் 112.10. ஒலிம்பிக் வரலாற்றில் அதுவரை ஒரே குதிப்புக்கு யாரும் வாங்காத மதிப்பெண். மொத்தம் 537.95. 1924 பாரிஸில் டிக் ஈவ் வாங்கியதற்குப் பிறகு டைவிங்கில் ஓர் ஆஸ்திரேலிய ஆணுக்குத் தங்கம் இதுதான்.

பரிசளிப்பு முடிந்து பார்வையாளர் வரிசைக்குப் போய் அம்மாவையும் காதலரையும் கட்டிப்பிடித்தார். அமெரிக்காவில் ஒளிபரப்பிய என்பிசி அவர் காதலரைப் பற்றி மூச்சுவிடவில்லை. மற்ற வீரர்களின் மனைவி, காதலி, குழந்தை என்று உருகி உருகிக் காட்டுகிற அதே சேனல். கேள்விகள் கிளம்பியதும் வருத்தம் தெரிவித்தார்கள்.

கதையாக இருந்தால் இங்கே திரை விழுந்திருக்கும். ஆனால் நமக்கு விஷயமே இனிமேல்தான்.

எண் ஒன்று, அப்புறம்

2010-ல் உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தார். அதே வருடம் அக்டோபரில் டெல்லி காமன்வெல்த் போட்டிகள். நான்கு போட்டிகளில் நான்கு வெள்ளி. மேடைப் போட்டியில் அவரைத் தாண்டித் தங்கம் வாங்கியது இங்கிலாந்தின் 16 வயது டாம் டேலி, அந்தப் பையனும் பின்னால் 2013-ல் தன் ஆண் காதலைப் பற்றிச் சொன்னான் என்பதை நினைத்தால் அந்தப் பதக்க மேடை வேடிக்கையாகத்தான் இருக்கிறது. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: டெல்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலையில், ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவைத் தளர்த்தி, உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் அதைத் திருப்பிப் போட்ட அந்த இடைவெளியில்தான் இவர் நம் நாட்டுக்கு வந்து போனார். 2014-ல் வந்திருந்தால் அந்தக் காதல் உறவே சட்டத்தின் கண்ணில் குற்றம்.

நான்கு வெள்ளி என்பது வேறு யாருக்கும் சாதனை. இவருக்கு அது நான்கு முறை தோற்றதாகத் தெரிந்தது. பிறகு காயங்கள் வந்தன. உலகின் முதலிடமும் கையைவிட்டுப் போனது, 2011-ல் ஷாங்காயில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் மேடைத் தங்கம் சீனாவின் சியூ போவுக்கு. தன் மதிப்பு முழுவதையும் அந்த ஒன்றாம் எண்ணில் கட்டி வைத்திருந்ததாகவும், அது போனபோது தான் யாருமில்லை என்று ஆகிவிட்டதாகவும் மிட்சம் பின்னால் விளக்கியிருக்கிறார். கிரிஸ்டல் மெத், ஆஸ்திரேலியர்கள் ஐஸ் என்று சொல்கிற அந்தச் சரக்கு, இந்தக் கட்டத்தில்தான் அவரைப் பிடித்தது.

அது ஏன் இவ்வளவு வலுவாகப் பிடிக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் இருக்கிறது, ஏதாவது சாதித்தால், பாராட்டு கிடைத்தால், பிடித்தவரைப் பார்த்தால் அது கொஞ்சம் சுரக்கும். மெத்தம்ஃபெட்டமைன் அதை வெள்ளமாகக் கொட்ட வைக்கிறது, கொட்டியதைத் திரும்ப உறிஞ்சவும் விடாது. கோகெயின் ஒரு மணி நேரத்தில் பாதி இறங்கிவிடும் என்றால், இதற்கு பத்து மணி நேரம்போல ஆகும். தூக்கம் வராது, பசிக்காது, சந்தேகம் வராது, உலகமே நம் பக்கம் என்று தோன்றும். இறங்கும்போது அத்தனையும் வட்டியோடு திரும்ப வரும்: நாள்கணக்கில் தூக்கம், எதிலும் ருசியில்லாமை, செத்துவிடலாம் போன்ற சோர்வு. ஏற்கனவே மனச்சோர்வு உள்ளவருக்கு இந்த இறக்கம்தான் ஆபத்தான இடம். அதிலிருந்து தப்பிக்க மறுபடி எடுப்பார், அப்படியே சுழலும்.

ஓர் உச்ச வீரரின் பார்வையில் இதை யோசித்துப் பாருங்கள். ஏழு நடுவர்கள் எப்போதாவது கொடுக்கிற பத்து, அதற்காக வருடக்கணக்கில் காலை ஐந்து மணிக்கு எழுந்து குளிர்ந்த தண்ணீரில் விழுவது. அந்த உணர்வை எந்தப் பயிற்சியும் இல்லாமல், தோற்கும் பயமே இல்லாமல், ஒரு பொட்டலம் கொடுக்கிறது. இவர்கள் எளிதில் விழுவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. விழாமல் இருப்பவர்கள்தான் ஆச்சரியம்.

அப்புறம் ஊரையும் பார்க்க வேண்டும். சிட்னியில் தன்பாலீர்ப்பு ஆண்களின் இரவு வாழ்க்கையில் மெத் அன்று சுலபமாகக் கிடைக்கும் பொருள். பொது மக்களை விட அந்தச் சமூகத்தில் பயன்பாடு கூடுதல் என்பது ஆஸ்திரேலியக் கணக்கெடுப்புகளில் திரும்பத் திரும்ப வருகிற விஷயம். இதைச் சொன்னால் உடனே ‘அவங்களே அப்படித்தான்’ என்று ஒரு கூட்டம் கிளம்பும். அந்தச் சமூகமே 1985-ல் எய்ட்ஸ் காலத்தில் உருவாக்கிய ஏகான் என்ற அமைப்பு, இன்று சிட்னியில் போதைக்கான ஆலோசனையும் தருகிறது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

விதி கட்டிய வாய்ப்பூட்டு

வீரர் ஒருவர் போதையில் சிக்கினால் யாரிடம் போய்ச் சொல்வார்? இந்தப் பகுதிதான் பலருக்குத் தெரியாதது. ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி மெத் ஒரு தூண்டுபொருள், போட்டி நேரத்தில் மட்டும் தடை. போட்டி இல்லாத காலத்தில் எடுத்தால் அந்த விதியில் குற்றமில்லை. ஆனால் உடம்பிலிருந்து முழுக்க வெளியேறுவதற்குள் ஒரு போட்டி வந்து, சிறுநீர் சோதனையில் மாட்டினால், அன்றைய விதிப்படி இரண்டு வருடத் தடை வரை போகும். அப்படியென்றால் பயிற்சியாளரிடமோ மருத்துவரிடமோ வாயைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் தொழிலையே பணயம் வைக்கிறோம் என்ற பயம். 2021-ல் விதியைக் கொஞ்சம் இளக்கினார்கள், கோகெயின், ஹெராயின், எக்ஸ்டசி, கஞ்சா ஆகியவற்றைப் போட்டிக்கு வெளியே, விளையாட்டுக்குச் சம்பந்தமில்லாமல் எடுத்ததாக நிரூபித்தால் மூன்று மாதத் தடை, சிகிச்சைக்குப் போனால் ஒரு மாதம். நல்ல மாற்றம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் மெத் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கும், அது ஊக்கமருந்தாகவும் வேலை செய்யும். ஆனால் மிட்சம் போன்றவருக்கு இன்றைக்கும் அந்தச் சலுகை கிடையாது என்பதுதான் நடைமுறை.

அதே ஆஸ்திரேலியாவில் ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்து லீக் 2005-லேயே வேறு மாதிரி யோசித்தது. போட்டி இல்லாத காலத்தில் அவர்களே சோதிப்பார்கள், முதல்முறை மாட்டினால் தடை கிடையாது, மருத்துவருக்கு மட்டும் தகவல் போகும், சிகிச்சை தொடங்கும். அதை மூடி மறைப்பு என்று திட்டியவர்கள் உண்டு, நியாயமான திட்டும்கூட அதில் இருக்கிறது. இருந்தாலும் ஒருவர் ரகசியமாக உதவி கேட்க ஒரு கதவாவது அங்கே இருந்தது. குளத்தில் தனியாகக் குதிக்கிறவருக்கு அதுவும் இல்லை.

எப்படியோ மிட்சம் அந்தக் கதவில்லாத சுவரைத் தாண்டி, லண்டன் ஒலிம்பிக்குக்கு முன்பே மறுவாழ்வு சிகிச்சைக்குப் போனார். வெளியே யாருக்கும் தெரியாது. ஹெராயின் மாதிரிப் பழக்கத்துக்கு மெத்தடோன், பியூப்ரெனார்ஃபின் என்று மாற்று மருந்துகள் உண்டு. மெத்துக்கு அப்படி அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் கிடையாது. பேச்சுச் சிகிச்சை, குழுக் கூட்டங்கள், எந்த நேரத்தில் எந்த இடத்தில் யாரைப் பார்த்தால் ஏக்கம் கிளம்புகிறது என்று கண்டுபிடித்து அதைச் சுற்றிப் போகக் கற்றுக்கொள்வது, சோதனையில் சுத்தமாக இருந்தால் சிறு பரிசு தரும் முறை, இவ்வளவுதான் கையில் இருக்கிறது. இதில் கடைசி முறையைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும், பெரியவர்களுக்குப் பரிசுக் கூப்பனா என்று. தூண்டுபொருள் பழக்கங்களுக்கு ஆய்வுகளில் நன்றாக நிற்பது அதுதான்.

பிறகு வயிற்றுத் தசைக் காயம் வந்தது, அதிலிருந்தும் மீண்டு லண்டன் போனார். அரையிறுதியில் 12 பேர் தேர்வாவார்கள், இவர் 13-வது. ஒலிம்பிக் சாதனை மதிப்பெண் வாங்கியவர் இறுதிச்சுற்றைப் பார்வையாளராகப் பார்த்தார். விளையாட்டுப் பக்கங்களில் அது தோல்விச் செய்தி. சில மாதம் கழித்து அந்த வருடக் கடைசியில் சுயசரிதை வந்தபோதுதான், அந்த 13-வது இடத்துக்கு வந்து சேரவே அவர் எங்கிருந்து ஏறி வந்தார் என்பது ஊருக்குத் தெரிந்தது.

மறைத்ததால் வந்ததா?

இப்போது விஷயத்துக்கு வருவோம். இந்த மாதிரி நிகழ்வுகளுக்கு வழக்கமாகச் சொல்லும் விளக்கம்: மறைத்து வாழ்ந்ததன் பாரம் தாங்காமல் போதைக்குப் போனார். இதைச் சோதிக்க இன்னோர் ஆஸ்திரேலியரைப் பக்கத்தில் நிறுத்தலாம். நீச்சல் வீரர் இயன் தார்ப். 2000 சிட்னியிலும் 2004 ஏதென்ஸிலும் சேர்த்து ஐந்து தங்கம் வாங்கியவர். 2012-ல் தன் புத்தகத்தில் மனச்சோர்வையும் குடியையும் ஒப்புக்கொண்டார், ஆனால் தன்பாலீர்ப்பாளர் இல்லை என்று எழுதினார். 2014-ல் மனச்சோர்வுக்காக சிகிச்சைக்குப் போய், அந்த ஜூலையில் மைக்கேல் பார்க்கின்சன் எடுத்த தொலைக்காட்சிப் பேட்டியில், ஆமாம், நான் தன்பாலீர்ப்பாளர்தான் என்றார்.

தார்ப் கதைக்கு மறைத்த பாரம் என்ற விளக்கம் பொருந்துகிறது. பதின்வயதிலிருந்தே பத்திரிகைகள் அவரை அந்தக் கேள்வியால் துளைத்தன. மிட்சமுக்கு அது பாதிதான் பொருந்துகிறது. 2008-லேயே சொல்லிவிட்டார், ஊரே கொண்டாடியது, 2009-ல் சிட்னி மார்டி கிராஸ் ஊர்வலத்தில் முன்வரிசை மரியாதை, வீட்டில் காதலர். இருந்தும் விழுந்தார். வெளியே சொன்னதால் பொய் சொல்லும் வேலை ஒழிந்தது. ரப்பர் பேண்ட் காலத்தில் உள்ளே ஊறிய ‘நான் போதாதவன்’ என்ற கணக்கு அதோடு ஒழியவில்லை. அந்தக் கணக்கை நேர்செய்யத்தான் தங்கம் தேவைப்பட்டது, பிறகு முதலிடம் தேவைப்பட்டது, அது போனதும் மெத். என் வாசிப்பு இதுதான். மறைப்பு ஒரு காரணம், ஆனால் அதைவிட ஆழத்தில் இருந்தது மதிப்பெண்ணால் மட்டும் தன்னை அளக்கக் கற்றுக்கொண்ட ஒரு மனசு. அந்தப் பழக்கத்தை விளையாட்டு உலகம் கவனச்சிதறல் இல்லாத ஒழுக்கம் என்று பாராட்டி வளர்த்துவிடுகிறது.

சர்வதேச ஒலிம்பிக் குழு இதை ஒருவழியாகப் புரிந்துகொண்டு, 2019-ல் உச்ச வீரர்களின் மனநலம் பற்றிய நிபுணர் அறிக்கை வெளியிட்டு, அடுத்த வருடம் வீரர்களிடம் கேட்கும் ஒரு கேள்வித்தாளையும் கொண்டுவந்தது. பதற்றம், சோர்வு, தூக்கம், குடி, போதை எல்லாம் அதில் வருகிறது. 2008-ல் தங்கம் வாங்கிய மறுநாள் மிட்சமிடம் அந்தக் கேள்விகளை யாராவது கேட்டிருந்தால் என்று நினைக்கத் தோன்றுகிறது, ஆனால் அன்று எல்லோரும் கேட்டது அடுத்த தங்கம் எப்போது என்று.

காதல் என்ன செய்தது?

நம் ஊரில் ஒரு வைத்தியம் உண்டு. பையன் குடிக்கிறானா, ஒரு கால்கட்டு போட்டுவிட்டால் சரியாகிவிடுவான். எத்தனை பெண்களின் வாழ்க்கை அந்த வைத்தியத்தில் போயிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தும் தரகர்கள் இன்னும் அதைத்தான் எழுதித் தருகிறார்கள். ஆண்–ஆண் காதல் கதைகளில் வருகிற ‘அவன் அன்பால் போதை விலகியது’ என்பதும் அதே கால்கட்டுதான், மாப்பிள்ளை பக்கம் மட்டும் மாறியிருக்கிறது. கதை எழுதுகிறவர்கள் முற்போக்கு, வைத்தியம் பழசு.

மிட்சமின் காதலர் எதிலும் குறைவைத்ததாகத் தெரியவில்லை. 2006, 2007-ன் அந்த உடைந்த பையனோடு இருந்தவர் அவர். பெய்ஜிங்கிலும் இருந்தார், விழுந்தபோதும் மீண்டபோதும் உடன் இருந்தார். ஆனாலும் போதை வந்தது. மீண்டு வந்த பிறகு, சில காலத்தில், அந்த உறவும் முடிந்தது. இதைக் கேட்டு, அப்படியானால் அந்தக் காதலால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: போதைக்கு அடிமையான ஒருவர் முதலில் பொய் சொல்வது வீட்டில் இருப்பவரிடம்தான். தூக்கம் ஏன் இல்லை, பணம் எங்கே, நேற்று ராத்திரி எங்கே என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அன்பு அதிகமானால் மறைப்பு குறையும் என்பதில்லை, பல நேரம் அவமானம் கூடி மறைப்பும் கூடும்.

குடிநோயாளிகளின் குடும்பங்களுக்கான அல்-அனான் குழுக்களில், போதையில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கான நார்-அனான் குழுக்களிலும், புதிதாக வருபவருக்கு முதலில் சொல்வது, இதை நீங்கள் உண்டாக்கவில்லை, உங்களால் இதைக் கட்டுப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்பது. முதல்முறை கேட்கும் மனைவிக்கோ காதலனுக்கோ இது கொடூரமாக இருக்கும். ஆனால் அங்கிருந்துதான் உருப்படியான வேலைகள் தொடங்குகின்றன. பயிற்சிக்கு வராததற்கு அவருக்காகப் பொய்க் காரணம் சொல்லாமல் இருப்பது, கடனை அடைக்காமல் இருப்பது, சிகிச்சைக்குப் போகும் நாளில் வண்டி ஓட்டுவது, தனக்கென்று ஒரு நண்பரையோ குழுவையோ வைத்துக்கொள்வது, தேவையானால் விலகிப்போகவும் தயாராக இருப்பது. இதெல்லாம் கதையில் எடுபடாது. யாரும் வண்டி ஓட்டியதற்கு அத்தியாயம் எழுதுவதில்லை.

உறவு முடிந்தது மீட்சியின் தோல்வியும் அல்ல. நோயாளியும் பராமரிப்பவருமாக வருடக்கணக்கில் இருந்துவிட்ட இருவருக்கு, நோய் தணிந்ததும் தங்களுக்குள் வேறென்ன இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். சில ஜோடிகளுக்குக் கிடைக்கிறது, சிலருக்கு இல்லை. மிட்சம் விஷயத்தில் எது என்று ஊகிக்க எனக்கு உரிமை கிடையாது.

பிறகு

2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிகள், டைவிங் மட்டும் எடின்பரோவில் நடந்தது. டொமினிக் பெட்குட்டோடு ஜோடி சேர்ந்து 10 மீட்டர் மேடையில் தங்கம். டெல்லியில் நான்கு வெள்ளியோடு நின்றவருக்கு முதல் காமன்வெல்த் தங்கம் அது, அதுவும் இருவர் ஒரே நேரத்தில் குதித்து ஒருவரையொருவர் ஒட்டியே மதிப்பெண் வாங்கும் போட்டியில். அதே வருடம் தன் வாழ்க்கையை யுகுலேலே வாத்தியத்தோடு பாட்டும் பேச்சுமாக மேடையில் நடித்துக் காட்டத் தொடங்கினார். மெத் காலமும் அதில் உண்டு. கைதட்டல் என்பதும் ஒரு மதிப்பெண்தானே என்று நீங்கள் கேட்கலாம், எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஆனால் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் யாரும் எண் போடுவதில்லை.

பிறகு டைவிங்கை விட்டார். பிரிட்டனைச் சேர்ந்த ஒருவரை 2020 பிப்ரவரியில் பெல்ஜியத்தில் திருமணம் செய்துகொண்டார், குடியில்லாத வாழ்க்கையைப் பற்றி வெளிப்படையாகப் பேசிக்கொண்டும் இருக்கிறார். அந்தத் திருமணப் படத்தையும் 2008 பெய்ஜிங் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, காதல் ஜெயித்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு படத்தில் இருப்பதும் ஒரே ஜோடி இல்லை என்பதைக்கூடச் சிலர் கவனிப்பதில்லை. நடுவில் உள்ள பன்னிரண்டு வருடத்தில் ஒரு சிகிச்சை, ஒரு புத்தகம், ஒரு 13-வது இடம், ஒரு பிரிவு எல்லாம் இருக்கின்றன, அவர் அவற்றைத் தானே எழுதி வைத்திருக்கிறார், படித்தால் போதும்.